ஒற்றைப் பணி என்னும் போலிப் பரிகாரம்: சமாந்தரத் தொகுப்புத் தோல்விகள் குறித்து ஒரு மறுப்புரை

நோயின் காரணத்தை நாடாது அதன் குறியை மாத்திரம் மறைப்பதை எவரும் மருத்துவம் என ஏற்பதில்லை. ஆயின், கணினித் துறையிலே அத்தகைய மருத்துவமொன்று நெடுங்காலமாகச் செல்வாக்குடன் வழங்கி வருகின்றது. லினக்ஸ் இயங்கும் கணினியொன்றிலே மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைத் தொகுக்க ஒருவர் முனைகின்றார். பல பணிகளை ஒரே வேளையில் நடத்துமாறு ‘மேக்’ என்னும் கருவிக்குக் கட்டளையிடுகின்றார். தொகுப்பு இடைநடுவில் முறிந்துவிடுகின்றது. உதவி கேட்டுச் செல்லுமிடத்து, அநுபவசாலிகள் எனப்படுவோர் தயங்காது கூறும் அறிவுரை ஒன்றே: பணிகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிடுக. அவ்வாறே குறைத்ததும் தொகுப்பு நிறைவேறுகின்றது. கேட்டவர் மகிழ்கின்றார், சொன்னவர் அறிஞராகின்றார், குற்றம் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. இவ்வறிவுரை பரிகாரமன்று, குற்றத்தைப் போர்த்திவைக்கும் போர்வையே என்பதை நிறுவுவதும், அதற்கு மாறாகச் செய்யத்தக்கது யாது எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மேக் கருவியின் தோற்றமும் தத்துவமும்

பெரிய மென்பொருள் எதுவும் தனியொரு கோப்பாக எழுதப்படுவதில்லை. நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கோப்புகளாக அது பிரிந்து கிடக்கின்றது. தொகுப்பி ஒவ்வொரு கோப்பையும் பொறிமொழிக்கு மாற்றுகின்றது. பின்னர் அவையாவும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இவற்றுள் ஒரு கோப்பு மாற்றமடைந்தால் மறுபடி தொகுக்கப்பட வேண்டியவை எவை, வேண்டாதவை எவை என்னும் வினாவுக்கு விடை கூறவே மேக் பிறந்தது. அதன் பிறப்புக் கதை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1976ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், ஸ்ரீவ் ஜோன்சன் என்னும் அறிஞர் ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒரு நிரலிலே பிழை தேடிக் கழித்தார். அந்நிரலிலோ பிழை இல்லை. பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மறுபடி தொகுக்கப்படாமையால் பழைய விளைவே தொடர்ந்து வந்தது. தம் விதியை நொந்தவாறு அவர் சக ஆய்வாளராகிய ஸ்ருவேட் பெல்ட்மனின் அறைக்குச் சென்று முறையிட்டார். அம்முறையீட்டின் விளைவாகப் பெல்ட்மன் இயற்றிய கருவியே மேக். அதற்காக ஏசிஎம் என்னும் கணினியியற் சங்கம் 2003ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் முறைமை விருதை அவருக்கு வழங்கிற்று.

இக்கருவியின் தத்துவம் எளிமையானது. எந்த இலக்கு எந்த முன்தேவையைச் சார்ந்துள்ளது என்பதை மனிதர் எழுதிவைக்க வேண்டும். எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னர்ச் செய்வது என்பதைக் கருவி தானே உய்த்துணரும். எனவே, மேக் கோப்பு என்பது வேலைகளின் வரிசைப் பட்டியலன்று, சார்புகளின் வாக்குமூலம். சார்புகள் முழுமையாகக் கூறப்பட்டிருப்பின், ஒன்றையொன்று சாராத பணிகளை ஒரே வேளையில் நடத்துவதிலே தீங்கு எதுவும் விளைய முடியாது. இன்று லினக்ஸ் முறைமைகளிற் பெருவழக்காயுள்ள குனூ மேக் கருவியில் ‘ஜே’ என்னும் தெரிவுக்குப் பின்னால் ஓர் எண்ணைக் குறிப்பதன் மூலம் இச்சமாந்தர இயக்கம் பெறப்படுகின்றது.

குற்றம் எங்கே உறைகின்றது?

அன்புவழிபுரத்திலே வீடொன்று கட்டப்படுவதாகக் கொள்க. ஒரே மேசன் ஒரு கையாளின் துணையுடன் வேலை செய்கின்றார். அத்திவாரம் இடுகின்றார், சுவர் எழுப்புகின்றார், கொங்கிறீற்று இறுகும்வரை காத்திருக்கின்றார், அதன் பின்னரே கூரை வேலைக்கு ஓடாவி வருகின்றார். கொங்கிறீற்று இறுகிய பின்னரே கூரைமரம் ஏற்றப்பட வேண்டும் என்று வரைபடத்தில் எழுதப்படாவிடினும் இங்கே கேடில்லை; ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதால் ஒழுங்கு தானாகவே அமைந்துவிடுகின்றது. மாரி தொடங்குமுன் வேலையை முடித்துவிட விரும்பிய வீட்டுக்காரர் பத்துப் பேரை அழைக்கின்றார். அவர்களோ எழுதிய வரைபடத்தை மாத்திரமே நம்பி வேலை செய்வோர். இறுகாத சுவரின்மேற் கூரைமரம் ஏறுகின்றது, சுவர் பிளக்கின்றது. இவ்விடத்துக் குற்றம் பத்துப் பேரை அழைத்தமையிலா, சொல்ல வேண்டியதைச் சொல்லாத வரைபடத்திலா? ஒருவரையே வைத்துக் கட்டுக என்று அறிவுரை கூறுவோர் வரைபடத்தைத் திருத்தவில்லை. அதன் குறையை வெளிப்படாமற் செய்தனர். அவ்வளவே.

மேக் கோப்புகளில் நிகழ்வதும் இதுவே. இலக்கண விதிகளிலிருந்து பகுப்பி நிரலை ஆக்கித்தரும் பைசன் என்னும் கருவியை எடுத்துக்கொள்ளலாம். அது ஒரே ஓட்டத்தில் ஒரு நிரற்கோப்பையும் ஒரு தலைப்புக் கோப்பையும் ஆக்குகின்றது. இவ்விரண்டையும் இரண்டு இலக்குகளாக ஒரே விதியில் எழுதிவிட்டு, ஒரே ஓட்டத்தில் இரண்டும் கிடைக்கும் என நிரலாளர் எண்ணுகின்றார். ஆனால், மேக் அதனை இரண்டு தனித்தனி விதிகளாகவே வாசிக்கின்றது. பணி ஒன்றாயின், முதலாவது ஓட்டம் முடிந்ததும் இரண்டாவது இலக்கும் ஏற்கெனவே இருப்பதைக் கண்டு அது வாளாவிருக்கின்றது. பணிகள் பலவாயின், பைசன் ஒரே வேளையில் இரு தடவை இயங்குகின்றது. ஓர் ஓட்டம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை மற்றைய ஓட்டம் அழித்தெழுதுகின்றது. அரைகுறைக் கோப்பை வாசித்த தொகுப்பி பொருளற்ற பிழைகளைக் கக்குகின்றது. இதற்கென்றே, பல இலக்குகளை ஒரே ஓட்டத்தின் விளைவுகள் என அறிவிக்கும் கூட்டிலக்கு முறை 2020ஆம் ஆண்டில் வெளிவந்த குனூ மேக் 4.3இல் இடம்பெற்றது. அவ்வாறே, கோப்புகளை இடுவதற்குரிய அடைவு உருவாக்கப்படுமுன்னரே அதனுள் எழுத முனைந்து தோற்கும் தொகுப்புகளும் பல. அடைவை ஒழுங்குக்கு மட்டுமான முன்தேவையாக ஒரு சொல்லில் அறிவித்துவிட்டால் அத்தோல்வி நீங்கும்.

இங்குதான் முதன்மையான உண்மை வெளிப்படுகின்றது. எழுதப்படாத சார்பு சமாந்தர இயக்கத்தில் மாத்திரம் தீங்கு செய்வதன்று. ஒரு தலைப்புக் கோப்பை இன்ன நிரற்கோப்பு சார்ந்துள்ளது என்று கூறப்படாவிடின், ஒற்றைப் பணியிலும் அத்தலைப்புக் கோப்பு மாற்றமடையும்போது நிரற்கோப்பு மறுபடி தொகுக்கப்படமாட்டாது. பழைய பாகமும் புதிய பாகமும் ஒட்டிய ஒரு மென்பொருள் எவ்வித எச்சரிக்கையுமின்றி உருவாகும். சமாந்தரத் தொகுப்போ அதே குற்றத்தை உரத்த குரலிற் கூவித் தெரிவிக்கின்றது. கூவுபவனின் வாயைப் பொத்துவது பரிகாரமாகுமா? ஒற்றைப் பணிக்குத் திரும்புவோர் உண்மையில் 1976ஆம் ஆண்டின் அந்தக் காலைப்பொழுதுக்கே திரும்புகின்றனர். ஜோன்சன் பட்ட அதே அல்லலை, அதனைத் தீர்ப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு மறுபடியும் படுகின்றனர்.

மூவகைத் தோல்விகள்

ஒற்றைப் பணி அறிவுரையின் மற்றுமொரு கேடு, வெவ்வேறான நோய்கள் அனைத்தையும் அது ஒன்றாகக் குழப்பிவிடுவதாகும். சமாந்தரத் தொகுப்பு முறிவதற்குக் காரணங்கள் மூன்றையேனும் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, மேலே கூறிய சார்புக் குறை. ஒரு கோப்பு இல்லை என்றோ, கோப்பின் உள்ளடக்கம் முறையற்றது என்றோ பிழைச்செய்தி வரும். மறுபடி கட்டளையிட்டதும் பெரும்பாலும் தொகுப்பு முன்னேறிவிடும். ஏனெனில், முதற் தடவை இல்லாதிருந்த கோப்பு இரண்டாந் தடவை இருக்கின்றது. மறுபடி முயன்றதும் சரியாகிவிட்டது என்று ஆறுதல் அடைவோர், குற்றத்துக்கான சான்றே அதுதான் என்பதை உணர்வதில்லை.

இரண்டாவது, நினைவகப் பற்றாக்குறை. சீ பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட பெரிய கோப்பொன்றைத் தொகுக்க ஒரு கிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகம் தேவைப்படுவதுண்டு. எட்டுப் பணிகள் ஒரே வேளையில் அவ்வாறு கேட்குமாயின் சிறிய கணினி தாங்காது. நினைவகம் முற்றாகத் தீர்ந்த நிலையில் லினக்ஸ் கருனி ஏதேனும் ஒரு நிகழ்முறையைக் கொன்று முறைமையைக் காக்கின்றது. கொல்லப்படுவது பெரும்பாலும் தொகுப்பியே. திரையிலோ தொகுப்பியின் உள்ளகப் பிழை என்றும் கொல்லப்பட்டது என்றும் செய்தி தோன்றுவதால், தொகுப்பியிலேயே குற்றம் எனப் பலர் மயங்குகின்றனர். கருனியின் குறிப்பேட்டைப் பார்த்தால் உண்மை விளங்கும். இங்கு மாத்திரம் பணிகளைக் குறைத்தல் நேரிய பரிகாரமாகும். அதுவும் ஒன்றாக அன்று, நினைவகத்துக்கு ஏற்ற அளவாக. ஜென்டூ என்னும் லினக்ஸ் வழங்கலின் கையேடு பணியொன்றுக்கு 2 கிகாபைற்று நினைவகம் எனக் கணக்கிடுமாறு கூறுவது பொருத்தமான அளவுகோல். 4 கிகாபைற்று நினைவகமும் எட்டு இழைகளும் கொண்ட கணினிக்கு இதன்படி இரண்டு பணிகளே தகும்.

மூன்றாவது, வன்பொருட் குறை. பழுதுற்ற நினைவகமோ மிகைவெப்பமோ உள்ள கணினியிலே எல்லாக் கோர்களும் முழுமூச்சில் இயங்கும்போது தொகுப்பி இடத்துக்கிடம் மாறி மாறி வீழும். நேற்று ஒரு கோப்பில், இன்று பிறிதொன்றில், குறிப்பேட்டில் நினைவகம் தீர்ந்த செய்தி எதுவுமின்றி. இங்கு பணிகளைக் குறைப்பது கணினியின் சூட்டைத் தணிக்கலாம், பழுதை நீக்காது. பழுதான நினைவகம் தொகுப்பை மாத்திரமன்றி, எழுதிவைத்த கட்டுரைகளையும் தரவுகளையுங்கூட ஓசையின்றிச் சிதைக்கும்.

மூன்றுக்கும் ஒரே மருந்து கூறும் வைத்தியர், உண்மையில் எந்த நோயையும் அறியாதவரே.

மறுப்புரைகளும் அவற்றுக்கான விடைகளும்

ஒற்றைப் பணியை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் சில உள. அவற்றையும் நோக்குதல் நேர்மையாகும்.

சிறிய மென்பொருளுக்குச் சமாந்தரம் எதற்கு, ஒரு நிமிடம் பிந்தினால் என்ன என்பது முதலாவது. நேரம் மாத்திரமே இழப்பாயின் இந்நியாயத்தை ஏற்கலாம். ஆனால், எழுதப்படாத சார்பினால் வரும் பழைய பாகங்களின் கலப்பு, நேரத்தைப் பற்றியதன்று, மெய்மையைப் பற்றியது. அன்றியும், காலத்தின் போக்கும் அவர்களுக்கு மாறாக உள்ளது. நிஞ்சா என்னும் கருவி இயல்பாகவே சமாந்தரமாக இயங்குவது. டெபியன் வழங்கலின் பொதியாக்கக் கருவியும் தன் 10ஆம் இணக்க நிலையிலிருந்து சமாந்தரத்தையே இயல்பாக்கியுள்ளது. ஒற்றைப் பணியின் நிழலில் ஒதுங்கியோர் இனி எங்கு ஒதுங்குவர்?

மேக் கருவியே பழுதுடையது, குறிப்பாக அடைவுக்கு அடைவு மேக்கை மறுபடி அழைக்கும் முறை தீங்கானது என்பது இரண்டாவது. 1998ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியரான பீற்றர் மில்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதனை வலியுறுத்திற்று. ஒவ்வோர் அடைவும் தன் சார்புகளை மாத்திரம் அறிந்து, முழுமையை எவரும் அறியாத நிலையை அவர் சுட்டிக்காட்டியமை விதந்து கூறத்தக்கது. ஆயினும், லினக்ஸ் கருனியே இன்றும் அவ்வாறு அடைவுக்கு அடைவு மேக்கை அழைத்துத்தான் தொகுக்கப்படுகின்றது. பணிகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் அது முறிவதில்லை. ஏனெனில், அதன் சார்புகள் பேணப்படுகின்றன. கருவி மாறலாம், சொல்லாததை எந்தக் கருவியும் அறியாது.

குற்றத்தைத் தேடுவது கடினம், எப்போது தோன்றும் எப்போது மறையும் என்று தெரியாது என்பது மூன்றாவது. ஒரு காலத்தில் இந்நியாயத்துக்கு வலுவிருந்தது. 2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த குனூ மேக் 4.4 அதனையும் பறித்துவிட்டது. அப்பதிப்பிலே, முன்தேவைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து இயக்கும் தெரிவொன்று சேர்க்கப்பட்டது. எழுதிய வரிசையின் தயவில் ஒளிந்திருந்த குறைகள் இக்கலைப்பினால் வெளிப்பட்டுவிடுகின்றன. முறிவு நேர்ந்தால், கலைத்த விதத்துக்குரிய எண்ணையும் கருவி அறிவிக்கின்றது. அதே எண்ணைக் கொடுத்து அதே வரிசையை மறுபடி நிகழ்த்தலாம். இதனைச் செய்வதற்குப் பல கோர்கள் கொண்ட விலையுயர்ந்த கணினியும் வேண்டியதில்லை. ஒற்றைப் பணியிலேயே செய்யலாம் என்பது சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது.

எதிர்முனையில் நிற்போருக்கும் ஒரு சொல் உண்டு. எத்தனை கோர்கள் உளவோ அத்தனை பணிகள் என எங்கும் எழுதிவைப்போரும், எண்ணே கொடாமல் ‘ஜே’யை மாத்திரம் எழுதி வரம்பற்ற பணிகளைத் தூண்டிவிடுவோரும் பிறரது கணினியின் கொள்ளளவைக் கருதாதோரே. மேக் கோப்பினுள்ளேயே பணிகளின் எண்ணிக்கையை எழுதிவிடுதல் இன்னுங் கொடியது. துணை மேக்குகள் யாவும் பொதுவான ஒரு கணக்கிலிருந்து அனுமதி பெற்று இயங்குமாறு குனூ மேக் வகுத்துள்ள ஒழுங்கை அது குலைத்துவிடுகின்றது. எட்டு என நினைத்தது எட்டின் மடங்குகளாகப் பெருகுகின்றது.

சுமையைச் சுமப்போர் யாவர்?

இவ்வலட்சியத்தின் விலையைச் செலுத்துவோர் அதனைத் தோற்றுவித்தோர் அல்லர். செல்வந்த நாடுகளின் நிறுவனங்களிலே பெருங்கணினிகள் உள. முறிந்த தொகுப்பை இயந்திரமே மறுபடி ஓட்டிவிடும். அன்புவழிபுரத்திலிருந்து கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குச் சென்று கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவரைக் கற்பனை செய்க. கைம்மாறி வந்த மடிக்கணினி, குறைந்த நினைவகம், அளந்து வாங்கிய இணையத் தரவு. மூலநிரலைத் தொகுத்துக் கற்க அவர் விழைகின்றார். எங்கோ படித்த அறிவுரையின்படி மேக்பிளாக்ஸ் என்னும் சூழல் மாறியிலே எட்டுப் பணிகள் என எழுதிவைத்து, அதனை மறந்தும்போகின்றார். அதன் பின்னர் எதனைத் தொகுத்தாலும் காரணம் விளங்காமல் முறிகின்றது. தமக்கு அறிவு போதாது என்றே அவர் முடிவு செய்கின்றார். கேட்டால், ஒன்றாக்கிவிடு என்கின்றனர். ஒன்றாக்குகின்றார், ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரமாகின்றது.

நான்கு மணி நேரம் என்பது இலங்கையிலே எப்போதும் உறுதியான பொருளன்று. 2022 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. அந்நெருக்கடி பின்னர் தணிந்ததாயினும், அது புகட்டிய பாடம் நிலைக்கின்றது. மின்கலம் பழுதான கணினியிலே தொகுப்பின் நடுவில் மின்சாரம் நின்றால், எழுதி முடியாத கோப்புகள் வட்டில் தங்கிவிடும். மேக் காலமுத்திரையை மாத்திரம் பார்ப்பது. அரைகுறைக் கோப்பாயினும் அதன் காலமுத்திரை புதியதாயின், முடிந்த வேலை என்றே அதனைக் கொள்ளும். மறுநாட் காலையில் வரும் விசித்திரமான பிழைக்கு மூலம் முதல்நாள் மாலையின் மின்வெட்டு என்பதை யார் அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்? தொகுப்பு நீளுந்தோறும் இவ்விடரும் நீளும். எனவே, ஒற்றைப் பணி என்பது வசதியற்றோருக்கான பாதுகாப்பு என்ற வாதம் உண்மைக்கு நேர்மாறானது. அவர்களையே அது கூடிய இடருக்கு உட்படுத்துகின்றது.

இதனினும் பெரிய இழப்பு அறிவின் இழப்பாகும். காரணம் கேட்க வேண்டிய இடத்திலே மந்திரம் கற்பிக்கப்படுகின்றது. ஏன் முறிந்தது என்று வினவப் பழகாத மாணவர் பட்டம் பெற்றுச் செல்லும் இடமெங்கும் அதே மந்திரத்தைக் கொண்டுசெல்வார். தாம் எழுதும் மேக் கோப்புகளிலும் சொல்லாத சார்புகளை விட்டுச்செல்வார். விஞ்ஞானக் கல்வி என்பது சடங்குகளின் தொகுப்பன்று.

செய்யத்தக்கன

தொகுப்பு முறிந்தால் முதலிற் செய்யத்தக்கது எண்ணை மாற்றுவதன்று. அவ்வெண் எங்கிருந்து வந்தது என்று அறிவதாகும். கட்டளையிலா, சூழல் மாறியிலா, மேக் கோப்பினுள்ளா என்பது தெரிய வேண்டும். அடுத்து, கடைசி வரியை நம்பாமல் மேலே சென்று முதலாவது பிழையைத் தேட வேண்டும். பல பணிகளின் செய்திகள் கலந்து வருவதால் உண்மையான பிழை இறுதி வரிக்கு வெகு தொலைவில் இருக்கக்கூடும். ஒவ்வொரு பணியின் செய்தியையும் பிரித்துத் தரும் தெரிவு 2013ஆம் ஆண்டின் குனூ மேக் 4.0 முதலே உள்ளது. பின்னர், கொல்லப்பட்ட குறி உண்டா எனக் கருனியின் குறிப்பேட்டிற் காண வேண்டும்; உண்டாயின் நினைவகத்துக்கு ஏற்பப் பணிகளைக் குறைக்க வேண்டும்; இல்லையாயின் சார்பைத் தேட வேண்டும். மின்வெட்டின் பின்னர் அரைகுறைக் கோப்புகளை நீக்கிவிட்டே மீளத் தொடங்க வேண்டும்.

ஒற்றைப் பணியில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதும் தவறன்று. அது நோயறியும் சோதனை. அங்கு தேறி, இங்கு தோற்றால் குற்றத்தின் வகை தெரிகின்றது. சோதனையைச் சிகிச்சையாகக் கொண்டு அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. ஒரு மென்பொருளின் ஆக்குநர் உண்மையிலேயே சார்புகளைத் திருத்த இயலாத நிலையில் இருப்பாராயின், சமாந்தரம் கூடாது என்பதை மேக் கோப்பிலேயே அறிவிக்கும் விதியொன்று உண்டு. குறையை ஒப்புக்கொண்டு எழுதுவது நேர்மை. எழுதாமல் விட்டுப் பயனாளர் மீது பழி சுமத்துவது நேர்மையன்று. பயனாளரும் தம் கணினியிற் சரிசெய்ததோடு அமையாது, விடுபட்ட சார்பை ஆக்குநருக்கு அறிவித்தல் கடன். ஒருவர் எழுதும் ஒற்றை வரி, அவரை அறியாத ஆயிரவரின் நேரத்தை மீட்கும்.

கட்டற்ற மென்பொருள் என்பது மூலநிரல் எவர்க்கும் திறந்திருப்பது என்று பெருமையோடு பேசப்படுகின்றது. திறந்த நிரலைத் தம் கணினியிலே தொகுக்க இயலாதோருக்கு அத்திறப்பினால் ஆவதென்ன? வீட்டின் கதவைத் திறந்துவைத்துப் படிகளை இடித்துவிட்ட கதையாகவே அது முடியும். சார்புகளைச் சொல்லுதல் அப்படிகளைக் கட்டும் வேலை. பணிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் அறிஞர்கள், தம் சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அவ்வேலையிற் கைகொடுப்பார்களாக.